பருமனான பெண்ணும் பாந்தமான படமும்

கல்யாணம் முடிந்த மறு மாதம் வீட்டில் மிஞ்சுவது என்ன? பந்தல்காரர் கழிகளைப் பிரித்துக் கொண்டு போய்விடுகிறார். மாலைகள் வாடிக் குப்பைக்குப் போகின்றன. சீர் முறுக்கும் அதிரசமும் அண்டை வீட்டுக் குழந்தைகளின் உபயத்தால் தீர்ந்து விடுகின்றன. எஞ்சி நிற்பது ஒன்றே ஒன்றுதான்: போட்டோ ஆல்பம்.

ஆல்பம் வந்து சேரும் நாளில் வீடே கூடி அதைப் புரட்டுகிறது. "இதோ பார், பெரியப்பா கொட்டாவி விடுகிறார்!" என்று ஒரே சிரிப்பு. ஆனால் சில வீடுகளில் கல்யாணப் பெண் மட்டும் நாலு பக்கம் புரட்டிவிட்டு மௌனமாகி விடுகிறாள். "நான் இவ்வளவு குண்டாகவா இருக்கேன்?" என்று மெதுவாக ஒரு கேள்வி. அப்புறம் அந்த ஆல்பம் பீரோவுக்குள் போனால் போனதுதான்.

இரட்டை நாடிச் சரீரம் உள்ள பெண்களுக்கு இது வெளியே சொல்லிக் கொள்ள முடியாத குறை. "இருப்பதுதானே படத்தில் விழும்? காமிரா பொய் சொல்லுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. காமிரா பொய் சொல்லும், அம்மணி! தாராளமாகவே சொல்லும். அது எங்கே, எப்படிப் பொய் சொல்லுகிறது என்று தெரிந்து கொண்டால், அதையே உண்மை பேச வைத்துவிடலாம்.

அழகுக்கு அளவுகோல் ஏது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒல்லிதான் அழகு என்பது எந்தச் சாஸ்திரத்திலும் எழுதி வைத்த சட்டம் அல்ல. ராஜா ரவிவர்மா தீட்டிய லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் நினைத்துப் பாருங்கள். நிறைந்த கன்னம், திரண்ட தோள், பூரித்த கைகள். 1894-ம் வருஷம் அவர் பம்பாயில் அச்சுக்கூடம் ஆரம்பித்த பிறகு, அந்தப் படங்கள் நாடெங்கும் போய், பூஜை அறையிலும் கூடத்துச் சுவரிலும் இடம் பிடித்தன. நம் பாட்டிமார்கள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் 'மகாலக்ஷ்மி மாதிரி இருக்கிறாள்' என்று மருமகள்களை மெச்சினார்கள். மகாலக்ஷ்மி இளைக்க வேண்டும் என்று அவர்களில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை!

காலத்துக்குக் காலம் ரசனை மாறும். ஆகையால், பருமனான பெண்ணை ஒல்லியாகக் காட்டுவது எப்படி என்பதல்ல இங்கே பிரச்னை. அவள் நேரில் எவ்வளவு லட்சணமாக இருக்கிறாளோ, அவ்வளவு லட்சணம் படத்தில் விழச் செய்வது எப்படி? அதுதான் கேள்வி.

லென்ஸ் செய்யும் குறும்பு

காமிராவின் முதல் பொய் தூரத்தைப் பொறுத்தது. அருகில் இருக்கும் பொருள் பெரிதாகவும், தள்ளி இருப்பது சிறிதாகவும் தெரியும் என்பது குழந்தைக்கும் தெரிந்த விஷயம். முகத்துக்கும் இதே விதிதான். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே சுமார் 12 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக் கொள்ளுங்கள். 40 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து படம் எடுத்தால், காதைவிட மூக்கு 30 சதவீதம் பெரிதாக விழும். அதே முகத்தை 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த வித்தியாசம் வெறும் 4 சதவீதம். மூக்குக்குச் சொன்னது முழங்கைக்கும், முழங்காலுக்கும், காமிராப் பக்கம் நீட்டிய தோளுக்கும் பொருந்தும்.

இரண்டாவது பொய், அகலக் கோண லென்ஸ் சொல்லும் பொய். மண்டபத்தில் இடம் போதாதபோது, பத்துப் பேரையும் ஒரே படத்தில் அடைக்க வேண்டி, போட்டோக்காரர் இந்த லென்ஸை மாட்டுவார். இதில் நடுவில் நிற்பவர்களுக்குச் சேதமில்லை. ஓரத்தில் நிற்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். முழு அளவுக் காமிராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு எடுத்தால், ஓரத்து ஆசாமி ஏறக்குறைய கால் பங்கு அகலம் கூடி விடுகிறார். அதுவே 50 மில்லிமீட்டர் லென்ஸானால் 6 சதவீதத்தோடு போயிற்று. கிள்ளினால் சதை இல்லாத சித்தப்பாகூட குரூப் போட்டோவில் கோடியில் நின்று கொழுத்துப் போகும் மர்மம் இதுதான்!

ஆகவே பெண்ணைத் தனியாக எடுக்கும்போது 85 முதல் 135 மில்லிமீட்டர் வரையுள்ள லென்ஸை மாட்டிக் கொண்டு போட்டோக்காரர் தள்ளி நிற்பதே உத்தமம். குரூப் படத்தில் கல்யாணப் பெண் எக்காரணம் கொண்டும் ஓரத்துக்குப் போகக் கூடாது.

கைப்பேசி வைத்திருக்கும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் உள்ள முக்கிய லென்ஸே அகலக் கோண ஜாதிதான். அதை முகத்துக்கு நேரே நீட்டிப் படம் பிடித்து, அடுத்த நிமிஷமே வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இரண்டு மீட்டர் பின்னால் போய், 2 அல்லது 3 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் உங்கள் கைப்பேசியில் இருந்தால் அதைத் தட்டி எடுங்கள். பெண் உங்களை வாழ்நாள் முழுதும் வாழ்த்துவாள்.

மேடையும் வெளிச்சமும்

நம் மண்டபங்களில் மணமேடை உயரம். போட்டோக்காரர் நிற்பதோ கீழே. கீழேயிருந்து அண்ணாந்து எடுக்கும் படத்தில் மோவாய்க்குக் கீழே உள்ள சதையும் இடுப்பு மடிப்பும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. காமிரா பெண்ணின் கண் மட்டத்தில், அல்லது அதற்கு ஒரு சாண் மேலே இருப்பது நல்லது. அவர் மேடை மீது ஏறிக் கொள்ளட்டும். அல்லது ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுங்கள். அதற்காகக் கூரையிலிருந்தும் எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் தலை பெருத்து, கால் குறுகி, பெண் பொம்மை மாதிரி ஆகிவிடுவாள். தலை முதல் கால் வரை விழும் முழுப் படத்துக்குக் காமிரா மார்பு மட்டத்தில் இருந்தால் போதும்.

அடுத்தது வெளிச்சம். இடப்புறம் ஒரு விளக்கு, வலப்புறம் ஒரு விளக்கு, நடுவே வீடியோக்காரரின் விளக்கு என்று மூன்று பக்கமும் சமமாக அடித்தால் முகத்தில் நிழலே இருக்காது. நிழல் இல்லாவிட்டால் கன்னத்துக்கும் தாடைக்கும் எல்லை ஏது? முகம் இட்டிலித் தட்டில் வார்த்த மாவு போல் பரவிவிடும்.

முகத்துக்கு வடிவம் தருவது நிழல். பெண் முகத்தைச் சற்றே ஒரு பக்கம் திருப்பும்போது, ஒரு கன்னம் காமிராவுக்கு அகலமாகவும் மற்றது குறுகலாகவும் தெரிகிறது. குறுகலான கன்னத்தின் பக்கமிருந்து பிரதான வெளிச்சம் வந்தால், அகலமான கன்னத்தில் மெல்லிய நிழல் படியும். அவ்வளவுதான், கன்ன எலும்பும் தாடையும் தாமாகத் தெளிவாகிவிடும்.

இதற்கு விலை உயர்ந்த சாதனம் எதுவும் வேண்டியதில்லை. மணமகள் அறையில் ஒரு ஜன்னல் இருந்தால் போதும். ரிஸப்ஷனுக்கு அலங்காரம் முடிந்ததும், சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே, ஜன்னல் ஓரமாக இருபது நிமிஷம் ஒதுக்குங்கள். கூட்டமும் கூச்சலும் இல்லாத அந்த இருபது நிமிஷத்தில் விழும் படங்களே பெரும்பாலும் ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு வரும்.

ஸ்தபதி கற்றுத் தரும் பாடம்

நிற்கும் விதத்தைக் கற்றுக் கொள்ள வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் புரட்ட வேண்டாம். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனால் போதும். திருவெண்காட்டிலிருந்து வந்த கல்யாணசுந்தரர் திருவுருவம் அங்கே இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலத்து வெண்கலம். சிவபெருமான் பார்வதியின் கரம் பற்றி நிற்கிறார். அம்மை வெட்கத்துடன் தலையைச் சற்றே தாழ்த்தி, உடல் லேசாக வளைந்து நிற்கிறாள். கல்யாணப் படத்துக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்குமா?

ஸ்தபதிகள் இதைத் திரிபங்கம் என்பார்கள். உடலின் பாரம் ஒரு காலில். மற்றொரு முழங்கால் சற்று மடங்கியிருக்கும். இடுப்பு ஒரு பக்கம், தோள் மறு பக்கம், தலை மீண்டும் இந்தப் பக்கம். இரண்டு கால்களிலும் சமமாகப் பாரம் போட்டு, காமிராவுக்கு நேர் எதிரே விறைப்பாக நின்றால், யாருமே கதவு மாதிரித்தான் தெரிவார்கள். உடலைக் கால் பங்கு திருப்பிப் பாரத்தைப் பின்னங்காலுக்கு மாற்றினால், கதவு கொடியாகிவிடும்.

கைகளை உடலோடு ஒட்டி அழுத்திக் கொள்ளக் கூடாது. அழுத்தினால் புஜம் நசுங்கி இரட்டிப்பு அகலம் காட்டும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி தெரியட்டும். வெறுங்கையை என்ன செய்வது என்று தெரியாவிட்டால், ஒரு கையில் தேங்காயோ தாம்பூலமோ பூச்செண்டோ கொடுத்துவிட்டால் ஆயிற்று.

மோவாய்ச் சதைக்கு ஒரு சுலபமான வித்தை உண்டு. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்ப்போம் அல்லவா? அதே மாதிரி முகத்தை ஒரு அங்குலம் முன்னே நீட்டி, மோவாயை லேசாகக் கீழே இறக்க வேண்டும். செய்யும்போது விசித்திரமாக இருக்கும். படத்தில் கழுத்து நீண்டு அழகாக விழும். கண்ணாடி முன்னால் நாலு நாள் பழகிக் கொண்டால் கைவந்துவிடும்.

ரிஸப்ஷன் மேடையில் போடுகிறார்களே ராஜா சோபா, அது நிறையப் பெண்களின் சத்துரு. அதில் புதைந்து உட்கார்ந்தால் முழங்கால்கள் காமிராவை நோக்கி நீளும். வயிறு மடிந்து முன்னே வரும். நுனியில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, இடுப்பிலிருந்து சற்றே முன்னால் சாய்ந்தால் சரியாகிவிடும்.

புடவை, ரவிக்கை, மாலை

காஞ்சிபுரம் பட்டு கனமானது, விறைப்பானது. கொசுவம் அகலமாகவும் ஒழுங்கின்றியும் இருந்தால் இடுப்பைச் சுற்றி மூட்டை கட்டினாற்போல் ஆகும். குறுகலாக, ஒரே சீராக மடித்து முதல் நாளே இஸ்திரி போட்டு வைத்துவிட்டால், கொசுவம் நேர் கோடாக விழும். முந்தானையையும் மடித்து ஊக்குப் போட்டால், சரிகைக் கரை தோளிலிருந்து கீழே வரை ஒரே கோடாக ஓடும். கண் அந்தக் கோட்டைப் பின்பற்றி மேலிருந்து கீழே போகும், பக்கவாட்டில் அலையாது. உடம்பெல்லாம் சரிகை ஓடிப் பளபளக்கும் புடவை விளக்கொளியைத் திருப்பி அடித்து உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும். உடல் அடக்கமாகவும் கரை எடுப்பாகவும் உள்ள புடவையே படத்துக்குத் தோது.

மடிசார் கட்டும் வழக்கமுள்ள வீடுகளில் ஒன்பது கஜம் பற்றாமல் இழுத்து இழுத்துக் கட்டுவதைப் பார்க்கிறோம். பெண்ணுக்கு நடக்கவே பயமாயிருக்கும். அந்தப் பயம் முகத்தில் தெரியும். முகம் படத்தில் தெரியும். பத்து கஜப் புடவையும் கிடைக்கிறது. கூறைப் புடவை வாங்கும்போதே கேட்டு வாங்கிவிட்டால் சங்கடம் இல்லை.

ரவிக்கை விஷயத்தில்தான் பெரிய தவறு நேருகிறது. 'கல்யாணத்துக்குள் இளைத்துவிடுவேன்' என்ற நம்பிக்கையில் ஒரு அளவு குறைத்துத் தைக்கச் சொல்கிறார்கள். இறுக்கமான ரவிக்கை இல்லாத சதையையும் பிதுக்கிக் காட்டும். அளவாகத் தைத்த ரவிக்கையே உடலை ஒழுங்காகக் காட்டும். புஜத்தின் பருத்த இடத்தில் கை முடியாமல், முழங்கைக்குச் சற்று மேலே முடிவது நல்லது.

இளைப்பதைப் பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது பட்டினி கிடக்க ஆரம்பித்து, முகூர்த்தத்தன்று ஹோமப் புகையில் தலை சுற்றி விழுவதால் யாருக்கு என்ன லாபம்? வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவதுதான் நிதானமான வேகம் என்பது வைத்தியர்களின் பொதுவான யோசனை. அதற்கு மேல் அவசரப்பட்டால் எடை குறையுமுன் முகத்தின் களை குறைந்துவிடும்.

நகையிலும் இதே கணக்குத்தான். கழுத்தைப் பிடித்தாற்போல் அட்டிகை ஒன்றை மட்டும் அணிந்தால் குட்டைக் கழுத்து இன்னும் குட்டையாகும். கூடவே நீளமான காசு மாலையோ ஆரமோ சேர்ந்தால் சமன்படும். பூமாலையில் அந்தஸ்தைக் காட்ட நினைத்து, தொடை பருமனில் ரோஜா மாலை கட்டச் சொல்லாதீர்கள். அதற்குள் பெண்ணின் கழுத்தும் தோளும் நகையும் மறைந்துவிடும். மிஞ்சுவது மாலைக்கு மேலே ஒரு முகம் மட்டுமே.

மடியும் தோளும்

இதுவரை சொன்னதெல்லாம் காமிராவின் குறும்பு. இனிச் சொல்லப் போவது மனிதர்களின் குறும்பு.

மாலை மாற்றும்போது தாய்மாமன்மார் பெண்ணைத் தோளில் தூக்கிக் கொள்வது சில குடும்பங்களில் வழக்கம். பெண்ணைத் தகப்பனாரின் மடியில் உட்கார வைத்துத் தாலி கட்டுவதும் அப்படியே. மற்றவர்களுக்கு இது கொண்டாட்டம். பருமனான பெண்ணுக்கோ ஒரு மாதமாகத் தூக்கம் வராது. "மாமா, ஜாக்கிரதை! இடுப்புப் பிடித்துக் கொள்ளப் போகிறது!" என்று யாராவது கத்துவார்கள். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்கு எட்டவில்லை என்பதைக் காமிரா மட்டும் பார்த்துவிடும். இங்கே அது பொய் சொல்வதில்லை.

இதற்குப் பரிகாரம் லென்ஸில் இல்லை. பெரியவர்கள் கையில் இருக்கிறது. பெண்ணைத் தனியே கூப்பிட்டு, "உனக்கு இஷ்டமா, அம்மா?" என்று முன்னாலேயே கேட்டுவிடலாம். இஷ்டமில்லை என்றால் இருவரும் நின்றபடியே மாலை மாற்றிக் கொண்டால் கல்யாணம் செல்லாமல் போய்விடுமா? மடிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பலகை போட்டு அதில் பாரத்தைத் தாங்கிக் கொண்டால், அப்பாவுக்கும் முழங்கால் வலி மிச்சம்.

இளைக்க வைக்கும் இயந்திரம்

பழைய ஸ்டூடியோக்களில் நெகடிவ் மீது கூரான பென்சில் வைத்துத் தழும்பையும் சுருக்கத்தையும் மறைப்பார்கள். 'டச்சிங்' என்று அதற்குப் பெயர். 1990-ல் போட்டோஷாப் வந்தது. பிறகு இடுப்பைச் சுருக்குவதும் புஜத்தைச் செதுக்குவதும் சில நிமிஷ வேலையாயிற்று. இன்று கைப்பேசியிலேயே அது நடக்கிறது.

பெண்ணைக் கேட்காமலேயே இந்த வேலையைச் செய்து ஆல்பத்தைக் கொண்டு வந்து கொடுக்கும் போட்டோக்காரர்களும் உண்டு. நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் உற்றுப் பாருங்கள். இடுப்பைச் சுருக்கிய இடத்தில் பின்னால் உள்ள தூண் வளைந்திருக்கும். கையை மெலிய வைத்த இடத்தில் வட்ட வளையல் முட்டை வடிவமாகியிருக்கும். இதைவிடப் பெரிய கோணல் ஒன்று உண்டு. படத்தில் இருப்பது யாரோ ஒரு பெண்; 'நீ இருந்த விதம் சரியில்லை' என்று அந்தப் படம் வாய் திறவாமல் அவளிடம் சொல்லிவிடுகிறது.

விளம்பரப் படங்களிலேயே இந்தச் சங்கதி உலகத்தை உறுத்தியிருக்கிறது. உடலை மாற்றித் திருத்திய மாடல் படங்களை விளம்பரத்தில் போட்டால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸில் 2017-லும், அதே மாதிரி ஒரு விதி நார்வேயில் 2022-லும் அமலுக்கு வந்தன. சோப்பு விற்கும் படத்துக்கே இவ்வளவு யோக்கியதை வேண்டுமென்றால், வம்சத்துக்கே சாட்சியாக நிற்கப் போகும் கல்யாணப் படத்துக்கு வேண்டாமா? முகப்பருவை மறைக்கட்டும், கலைந்த மயிரை ஒதுக்கட்டும். நாளைக்கு மறையப் போகிறவை அவை. உடலின் உருவத்தை மாற்றுவதானால் பெண்ணின் சம்மதம் பெற்று மாற்றட்டும்.

முன்கூட்டியே பேசுங்கள்

போட்டோக்காரரை அமர்த்தும்போது ரேட்டை மட்டும் பேசிவிட்டு வந்து விடாதீர்கள். அவர் எடுத்த கல்யாண ஆல்பம் ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை பார்க்க வேண்டும். பொறுக்கி எடுத்த பத்துப் படம் போதாது. அதில் உங்களைப் போன்ற உடல்வாகு உள்ள பெண்கள் எப்படி விழுந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெண்ணே நேரில் போய், "எனக்கு இந்தக் கோணம் பிடிக்காது, இந்தப் பக்கம் பிடிக்கும், உருவத்தைத் திருத்த வேண்டாம்" என்று சொல்லிவிடுவது மேல். நிச்சயதார்த்தத்தன்று ஒத்திகை மாதிரி சில படம் எடுத்துப் பார்த்துக் கொண்டால் கூச்சமும் தெளியும்.

கூடவே, நெருங்கிய தோழி அல்லது அத்தங்காள் ஒருத்தியைத் துணைக்கு வைத்துக் கொள்ளுங்கள். முந்தானை விலகினால் சரி செய்ய, "மோவாய்!" என்று காதோடு ஞாபகப்படுத்த, நடுநடுவே சிரிக்க வைக்க ஒரு ஆள் வேண்டும். எந்த லென்ஸும் எந்த விளக்கும் செய்யாத உபகாரத்தை மனம் விட்ட ஒரு சிரிப்பு செய்துவிடும்.

கல்யாணப் பெண்ணோடு இது நின்று விடுவதில்லை. எத்தனையோ அம்மாமார்கள், "நான் வேண்டாம், நீங்க எல்லாரும் நில்லுங்கோ" என்று ஒதுங்கிக் கொள்கிறார்கள். கேட்டால், "இந்த உடம்பை வைத்துக் கொண்டு போட்டோ வேறா?" என்பார்கள். முப்பது வருஷம் கழித்துப் பிள்ளைகள் அம்மாவின் முகத்தைத் தேடி ஆல்பத்தைப் புரட்டும்போது, கை மட்டும் தெரிகிற படமும் முதுகு மட்டும் தெரிகிற படமும்தான் அகப்படுகின்றன. அம்மாவின் எடை எவ்வளவு என்று பார்க்கவா அவர்கள் புரட்டுகிறார்கள்? ஆகவே, அடுத்த கல்யாணத்தில் உங்கள் அம்மா நழுவப் பார்த்தால் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்திக் கொள்ளுங்கள். ஓரத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். லென்ஸ் விஷயம்தான் தெரியுமே!